அஞ்சல்

அரக்கோணத்தைச் சுற்றி எந்தக் கிராமத்துக்குப் போனாலும் ‘பஜனை கோயில் தெரு’ என்று ஒரு தெரு இருக்கும். உங்கள் ஊரிலும் இருந்திருக்கலாம். தெரு இன்றும் இருக்கிறது, ஆதார் அட்டையிலும் ரேஷன் கார்டிலும் அந்தப் பெயர் தவறாமல் அச்சாகிறது. அவற்றில் எத்தனை தெருவில் மாலையானால் ஜால்ராச் சத்தம் கேட்கிறது என்று எண்ணத் தொடங்கினால்தான் மனசு கனக்கிறது. எங்கள் தெருப் பஜனை கோயிலுக்குக் கோபுரம் கிடையாது, கருவறை கிடையாது. ஓடு வேய்ந்த நீளமான ஓர் அறை, முன்னால் திண்ணை, உள்ளே சுவரில் ராமர் பட்டாபிஷேகப் படம், அதன் கீழே மரப் பலகையில் முழ உயரப் பித்தளை வேல். ராமருக்கும் வேலுக்கும் அங்கே இட நெருக்கடி வந்ததாக நினைவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் புளியும் சாம்பலும் வைத்து அந்த வேலைத் தேய்த்துப் பளபளக்க வைப்பது பையன்களாகிய எங்கள் பொறுப்பு. தேய்த்து முடித்த கையில் புளி வாசனை மறுநாள் வரை நிற்கும். இந்த வயதிலும் புளி கரைக்கிற வாசனை வந்தால் என் கை தானாகத் தொடைக்குப் போய்த் தாளம் போடுகிறது.

1966ஆம் வருஷம் எனக்குப் பத்து வயது. முருகன்மேல் அருணகிரிநாதர் பாடிய திருப்புகழை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவரை ஊரே ‘பஜனைத் தாத்தா’ என்றுதான் அழைத்தது. ரயில்வேயில், வண்டிக்குத் தண்டவாளத்தை மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவர் இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்குச் சிம்னி விளக்கைத் துடைத்து ஏற்றிவிட்டு, அட்டை பிய்ந்து நூலால் கட்டிய பழைய புத்தகத்தை மடியில் வைத்துக்கொள்வார். அந்தப் புத்தகத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே ‘தனதன தந்தன’ என்ற மாதிரி இரண்டு வரி அச்சாகியிருக்கும். சந்தக் குழிப்பு என்று பெயர். பாட்டைத் தொடுவதற்கு முன்னால் அந்தத் தனதனவை ஒரு வாரமாவது எங்களைச் சொல்ல வைப்பார். தாளம் தொடையில் ஏறி, மூச்சில் ஏறி, பள்ளிக்கூடம் போகிற வழியில் கால் அதே கணக்கில் நடக்க ஆரம்பித்த பிறகுதான் சொற்களைத் தருவார். அந்தச் சொற்களோ ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, எங்கே ஒரு சொல் முடிகிறது எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று தெரியாமல் ஆற்று வெள்ளம் மாதிரி வரும்.

“தாத்தா, இதுக்கு என்ன அர்த்தம்?” என்று நான் ஒரு நாள் கேட்டேன்.

“சோறு துன்னும்போது இது எப்படி ரத்தமா மாறுதுன்னு கேட்டுக்கினா துன்றே? துன்னு. அதுவா ஆவும்.”

அத்தோடு அடுத்த வரி.

ஆகவே அர்த்தத்தை நான் எனக்கு நானே கண்டுபிடித்துக்கொண்டேன். நாங்கள் கற்ற ஒரு பாட்டில் ‘அஞ்சல்’ என்ற சொல் வந்தது. தபாலுக்குத் தமிழில் அஞ்சல் என்று அந்த வருஷம்தான் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தோம். முருகன் மயில்மேல் வருவதும் பாட்டில் எனக்குப் புரிந்தது. ஒன்றோடு ஒன்றைச் சேர்த்தால் படம் முழுதாகிவிட்டது: முருகன் தபால் கொண்டு வருகிறான். எங்கள் தெருவுக்குக் காலை பதினோரு மணிக்குக் காக்கிச் சட்டையில் சைக்கிள் மணியடித்துக்கொண்டு வருகிற தபால்காரரின் தோள்பை முருகன் தோளில் தொங்குவதாகவும், மயில் ஒவ்வொரு வாசலிலும் நின்று நின்று போவதாகவும் நான் கண்ணை மூடிப் பாடும்போதெல்லாம் பார்த்தேன். எங்கள் வீட்டுக்குக் கடிதம் வருவது வருஷத்தில் நான்கைந்து முறைதான். சாமியே கொண்டு வருகிற கடிதத்தில் என்ன எழுதியிருக்கும் என்று பாயில் படுத்துக்கொண்டு நெடுநேரம் யோசித்திருக்கிறேன். அந்த நாட்களில் பாடும்போது என் தொண்டையில் இருந்த ஆசை, சொல்லின் சரியான பொருள் தெரிந்த பிறகும் அதே அளவில் திரும்பி வந்ததா என்று கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

டிசம்பர் 31 எங்களுக்கு வருஷத்தின் கடைசி நாள் என்பதைவிடப் படி விழா என்பதாகத்தான் தெரியும். அரையாண்டு லீவில் வரும். சாயங்காலப் பாசஞ்சரில் தெருவே ஏறித் திருத்தணிக்குப் போகும். ஹார்மோனியப் பெட்டி ஒருவர் தலையில், மிருதங்கம் ஒருவர் மடியில், கரி எஞ்சினின் தூள் எல்லோர் கண்ணிலும். அதற்கு ஆறு வருஷம் முன்னால், 1960 ஏப்ரலில்தான் திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்திருந்தது. அதற்காகப் போராடிய ம.பொ.சி. பெயரையும் மங்கலங்கிழார் பெயரையும் சொல்லிச் சொல்லிப் பெரியவர்கள் வண்டியில் பேசிக்கொண்டே வருவார்கள். ஸ்டேஷனில் இறங்கி மலையடிவாரத்துக்கு நடக்கிற வழியில் சுக்குக் காப்பி. அந்தப் பனியில், அந்தக் கண்ணாடித் தம்ளரின் சூட்டை இரண்டு உள்ளங்கையிலும் வாங்கிக்கொண்டு நின்றதைப் போன்ற ஒரு சுகத்தைப் பிறகு எத்தனையோ நல்ல ஓட்டல்களில் தேடிவிட்டேன்.

படி விழாவைத் தொடங்கியவர் வள்ளிமலை சுவாமிகள். இந்தக் கதையைப் பஜனைத் தாத்தா வருஷம் தவறாமல் அடிவாரத்தில் நின்று சொல்வார். சுவாமிகள் 1950இல் மறைந்தவர். தாத்தா அவரை நேரில் பார்த்தவர். மைசூர் அரண்மனையில் சமையல் வேலை செய்தவர் சுவாமிகள். தமிழ் எழுதப் படிக்கத் தெரியாதவர். பழநியில் ஒரு திருப்புகழைக் கேட்டு உருகிப்போய், அதற்காகவே வளர்ந்த வயதில் எழுத்துக் கற்றுக்கொண்டார் என்று சொல்வார்கள். திருவண்ணாமலையில் ரமணரிடம் போனார், சேஷாத்ரி சுவாமிகளிடம் போனார். திருப்புகழே உனக்கு மந்திரம், வள்ளிமலைக்குப் போ என்று சேஷாத்ரி சுவாமிகள் அனுப்பிவைத்தார். வெள்ளைக்காரர் ஆட்சியில் ஜனவரி முதல் தேதி காலையில் உத்தியோகஸ்தர்கள் எல்லாம் எலுமிச்சம்பழமும் மாலையுமாகத் துரை பங்களா வாசலில் காத்து நிற்பதைப் பார்த்து, முதல் நாள் முதல் கும்பிடு தணிகைமலைத் துரைக்கல்லவா போக வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதாம். வருஷத்துக்கு 365 நாள், மலைக்கு 365 படி. டிசம்பர் 31 இரவு ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றி, ஒரு திருப்புகழ் பாடி அடுத்த படிக்குக் கால் வைப்பது. அப்படி விடியும்போது மேலே இருப்பது.

ஒரு படிக்கு ஒரு பாட்டு என்றால் எவ்வளவு நேரமாகும் என்று நினைத்துப் பாருங்கள். யாருக்கும் அவசரமில்லை. பெட்ரோமாக்ஸ் மங்கினால் ஒருவர் குனிந்து பம்ப் அடிப்பார், பாட்டு நிற்காது. முன்னால் போகிற கோஷ்டி பாடுவது மேலேயிருந்து மிதந்து வரும், பின்னால் வருகிற கோஷ்டியின் கஞ்சிரா கீழேயிருந்து ஏறி வரும், நடுவில் நம் பாட்டு. நூறாவது படி தாண்டியதும் எனக்குத் தூக்கம் சொக்கும். கல்லில் சாய்ந்தபடி தூங்கிவிடுவேன். விழித்துப் பார்த்தால் அப்பாவின் துப்பட்டி என்மேல் சுற்றியிருக்கும், நான் இருபது படி மேலே கிடத்தப்பட்டிருப்பேன், பாட்டு அப்படியே போய்க்கொண்டிருக்கும். நான் தூங்கினாலும் பாட்டு தூங்காது என்ற அந்த நிம்மதியைத்தான் பிற்காலத்தில் பெரியவர்கள் ‘நம்பிக்கை’ என்று சொன்னபோது நான் நினைத்துக்கொண்டேன்.

இந்தச் சுகங்களைச் சொல்லி முடிப்பதற்கு முன்னால் என் அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என்னைவிட நான்கு வயது மூத்தவள். பஜனை கோயிலுக்குள் பெண் பிள்ளைகள் உட்கார்ந்து பாடுகிற வழக்கம் எங்கள் தெருவில் இல்லை. அக்கா எதிர்வீட்டுத் திண்ணைத் தூணுக்குப் பின்னால் முறத்தில் அரிசியை வைத்துக்கொண்டு, கல் பொறுக்குகிற பாவனையில் கேட்டுக் கேட்டே கற்றாள். நான் தடுமாறிய இடங்களை இரவில் பாயில் படுத்தபடி எனக்குத் திருத்திச் சொன்னது அவள்தான். எனக்கு அறுபது பாட்டு என்றால் அவளுக்குத் தொண்ணூறு தெரியும். படி விழாவுக்கு வருவாள். குங்குமம் வைப்பாள், கற்பூரத் தட்டைப் பிடிப்பாள். வாய் மட்டும் ஓசையின்றி அசையும். அன்று எங்களில் ஒருவருக்கும் அது உறுத்தவில்லை. இன்று நினைக்கும்போது அந்த இரவுகளின் அழகு குறையவில்லை, ஆனால் ஓர் ஓரத்தில் வலிக்கிறது. அந்தக் காலம் மாதிரி வருமா என்று என் வயதுக்காரர்கள் பெருமூச்சு விடும்போது நானும் சேர்ந்து விடுகிறேன். பாதிப் பெருமூச்சில் அக்காவின் ஓசையில்லாத உதடுகள் ஞாபகம் வந்து நிறுத்திவிடுகிறேன்.

பிறகு கல்லூரி, பரீட்சை, வேலை. பாட்டு என்னை விட்டுப் போகவில்லை, நான்தான் அதற்கு நேரம் கொடுக்கவில்லை. 1981இல் அசிஸ்டெண்ட் ஸ்டேஷன் மாஸ்டராகச் சின்னதொரு ஸ்டேஷனில் போட்டார்கள். ஒற்றைத் தண்டவாளம், சுற்றிலும் வேலிக்காத்தான், ராத்திரியில் நானும் ஒரு பாயிண்ட்ஸ்மேனும்தான். தனியாகப் பொறுப்பேற்ற முதல் வாரம். ஒரு கூட்ஸை லூப் லைனில் ஒதுக்கி நிறுத்திவிட்டு, எதிரே வருகிற பாசஞ்சருக்கு லைன் கிளியர் கொடுத்துவிட்டேன். ‘பாயிண்ட் பூட்டியாச்சு சார்’ என்று அவரும் வந்து சொல்லிவிட்டார். எல்லாம் சரிதான். ஆனால் வண்டி பக்கத்து ஸ்டேஷனை விட்டுக் கிளம்பிய பிறகு, சரியாகத்தான் இருக்கிறதா என்று ஒரு கேள்வி நெஞ்சுக்குள் விழுந்தது. வண்டிக்குள் தூங்கிக்கொண்டு வருகிற நானூறு ஐந்நூறு பேர், குழந்தைகள், துப்பட்டி போர்த்திய தலைகள் எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. கை லாந்தரை எடுத்துக்கொண்டு சிலீப்பர் கட்டைகள் மேல் வேகமாக நடந்தேன். வாய் உலர்ந்துவிட்டது.

நடக்க நடக்கக் கால் ஒரு கணக்கில் விழ ஆரம்பித்தது. தன தந்தன. நான் அழைக்கவில்லை, அது வந்தது. சந்தம் வந்ததும் அதன் பின்னாலேயே சொற்கள் வந்தன. பதினைந்து வருஷமாக ஒரே மூச்சில் நான் ஓட்டிவந்த அந்த அடி அன்றைக்கு என் வாயில் சொல் சொல்லாகப் பிரிந்து நின்றது. அஞ்சல். அஞ்சுவது என்றால் பயப்படுவது. அஞ்சல் என்றால் அஞ்சாதே. பயப்படாதே என்று சொல்லிக்கொண்டு மயில்மேல் வா என்றுதான் அருணகிரிநாதர் கேட்டிருக்கிறார். கடிதமும் இல்லை, தோள்பையும் இல்லை. தண்டவாளத்தின் நடுவில் நான் நின்றுவிட்டேன். இத்தனை வருஷம் இது என் வாய்க்குள்ளேயே இருந்திருக்கிறது, எனக்குத் தேவைப்படுகிற ராத்திரிக்காகக் காத்துக்கொண்டு. பஜனைத் தாத்தா சொன்னாரே, சோறு ரத்தமாகும் என்று. அவரும் இப்படி எத்தனை ராத்திரி லாந்தரோடு பாயிண்டைப் பார்க்க நடந்திருப்பார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. போய்ப் பார்த்தேன். பாயிண்ட் சரியாகப் பொருந்தி, பூட்டு விழுந்திருந்தது. வண்டி வந்தது, போனது. ஜன்னல்களில் எல்லாம் தூங்குகிற தலைகள்.

அந்த மாதச் சம்பளத்தில்தான் தணிகைமணி வ.சு.செங்கல்வராய பிள்ளையின் திருப்புகழ் உரையைத் தேடத் தொடங்கினேன். அவருடைய தந்தையார் வடக்குப்பட்டு சுப்பிரமணிய பிள்ளை கோர்ட்டு உத்தியோகம் பார்த்துக்கொண்டே ஊர் ஊராக ஏட்டுச் சுவடி தேடி, 1894இல் முதல் தொகுதியை அச்சிட்டார். அருணகிரியார் பாடியவை பதினாறாயிரம் என்பது மரபு. இன்று கிடைப்பவை 1,300 சொச்சம். அந்த 1,300இல் ஒன்றில் வருகிற ஒரு சொல் ஓர் இரவில் எனக்கு வந்து சேர, எத்தனை பேர் கரையான் அரித்த ஓலையைப் புரட்டியிருக்கிறார்கள். உரையிலும் அப்படித்தான் இருந்தது: அஞ்சாதே. புத்தகம் சொன்னதால் எனக்குக் கூடுதலாக எதுவும் தெரிந்துவிடவில்லை. ஆனாலும் அந்தப் பக்கத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

சின்ன வயதில் வாரியார் சுவாமிகளின் சொற்பொழிவில் மண் தரையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். காங்கேயநல்லூர்க்காரர், எங்கள் பக்கத்து மனிதர். நடுவே நிறுத்திக் குழந்தைகளிடம் கேள்வி கேட்பார், சரியாகச் சொன்னால் சின்னப் புத்தகம் கொடுப்பார். வேல் என்பது ஞானம். அது ஆழ்ந்திருக்க வேண்டும், அகன்றிருக்க வேண்டும், கூர்மையாக இருக்க வேண்டும், அதனால்தான் வேலுக்கு அந்த வடிவம் என்று பெரியவர்கள் விளக்குவதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். எனக்கு என்னவோ அந்த விளக்கத்தோடு வெள்ளிக்கிழமைப் புளியையும் சேர்த்துத்தான் நினைக்க முடிகிறது. ஞானம் உள்ளே இருக்கிறது, சரி. வாரத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து தேய்க்க வேண்டியிருந்தது.

இப்போது என் பேத்திக்குப் பதினொரு வயது. பெரம்பூர் ஃபிளாட்டில் சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கணினி முன்னால் சம்மணமிட்டு உட்காருகிறாள். சொல்லிக் கொடுக்கிற அம்மையார் பெங்களூரில்; கூடப் பாடுகிற பிள்ளைகள் நாலு தேசத்தில். எல்லோரும் சேர்ந்து பாடினால் ஒருவர் குரல் ஒருவருக்குத் தாமதமாகப் போய்ச் சேருகிறது என்று மைக்கை அணைத்துவிட்டுப் பாடச் சொல்கிறார்கள். கூட்டமாக உட்கார்ந்து தனித்தனியாகப் பாடுகிற அந்தக் காட்சியைக் கதவோரம் நின்று பார்க்கும்போது, பக்கத்துப் பையனின் முழங்கை விலாவில் இடித்துக்கொண்டே பாடிய எனக்கு என்னவோ போல இருக்கும். ஆனால் அவள் பாடுகிறாள். தாளம் பிசகாமல், தயக்கம் இல்லாமல், முழுத் தொண்டையில் பாடுகிறாள்.

போன மார்கழியில் அவர்களுக்கு அந்தப் பாட்டு வந்தது. பாடம் தொடங்குவதற்கு முன்னாலேயே ஃபோனில் அந்தச் சொல்லைத் தொட்டிருக்கிறாள். சமையலறையில் இருந்த என்னிடம் ஓடிவந்து, “தாத்தா, அஞ்சல்னா பயப்படாதேன்னு அர்த்தமாம், உங்களுக்குத் தெரியுமா?” என்றாள்.

தெரியும் கண்ணு என்றேன். எனக்குப் பதினைந்து வருஷமும் ஒரு ராத்திரியும் ஆன வழியை அவள் ஒரு நொடியில் கடந்துவிட்டாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கொஞ்சம் கவலையாகவும் இருந்தது, மறைப்பானேன். தெரிந்துகொண்ட பொருள் வேண்டுகிற ராத்திரியில் அவள் வாய்க்கு வருமா? தெரிந்தது எல்லாம் ஃபோனில் இருக்கும்போது ஃபோன் இல்லாத இருட்டில் என்ன வரும்? பிறகு அவள் தொடையைப் பார்த்தேன். பேசிக்கொண்டே கை அதுபாட்டுக்குத் தனதன போட்டுக்கொண்டிருந்தது. நான் எதுவும் சொல்லாமல் காப்பியை ஆற்றினேன். அப்புறம் என் தபால்கார முருகனைப் பற்றிச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் கண்ணை அகல விரித்து, “மயிலு எங்க நிக்கும், கேட்டாண்டயா?” என்று கேட்டாள்.

அந்த டிசம்பர் 31 அவளை அழைத்துக்கொண்டு திருத்தணி போனேன். மலைமேல் வரை காரில் போகலாம். அவள்தான் படியில் ஏற வேண்டும் என்றாள். பெட்ரோமாக்ஸ் இருந்த கையில் இப்போது எல்இடி. கல்லின் ஒவ்வொரு சொரசொரப்பும் தெரிகிறது; முகங்கள் நன்றாகத் தெரிகின்றன; வானத்தில் நட்சத்திரம்தான் தெரியவில்லை. கூட்டம் நெருக்குகிறது, ஒரு படியில் நின்று ஒரு முழுப் பாட்டைப் பாட இடம் கிடைப்பதே பாக்கியம். ஆனாலும் கோஷ்டிகள் இருக்கின்றன. மஞ்சள் குங்குமம் இருக்கிறது. பாடுகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள், முன்வரிசையில் அவர்கள்தான். பேத்தியும் பாவாடையைச் சொருகிக்கொண்டு போய் அவர்களோடு நின்றுவிட்டாள்.

அக்கா வாலாஜாவில் இருக்கிறாள். முழங்கால் இரண்டும் போய்விட்டது, மாடிப்படி ஏறவே ஆள் வேண்டும். ஆனால் விடியற்காலை நாலரைக்கெல்லாம் எழுந்து ஃபோனில் ஒரு திருப்புகழைப் பாடி உறவுக்காரர் குழுவில் போட்டுவிடுவாள். என் காலை அந்தக் குரலில்தான் விடிகிறது. அன்றைக்கு நாங்கள் படியேறுவதைத் தெரிந்துகொண்டு பேத்தியைக் கூப்பிட்டாள். பேத்தி ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு, அப்போதுதான் குங்குமம் வைத்த படிமேல் கற்பூரத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“தம்பி, எத்தினியாவது படி?” என்றது குரல்.

“நூத்தி நாப்பத்தி ரெண்டு அக்கா.”

“சரி, அது எனக்கு.”

தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள். காற்றில் குரல் சிதறியது. சத்தத்தில் பாதிச் சொற்கள் கேட்கவில்லை. முன்னால் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஜால்ரா வைத்திருந்தவர் ஒரு நிமிஷம் காதைக் கொடுத்துத் தாளத்தைப் பிடித்துக்கொண்டு, அக்காவின் வேகத்துக்கு இறங்கித் தட்டத் தொடங்கினார். அந்தப் பாட்டு முடிகிற வரைக்கும் யாரும் அடுத்த படிக்குக் கால் எடுத்து வைக்கவில்லை.